முகட்டிலிருந்து மூன்றாவது ஓடு

மச்சாளின் மகளுக்குக் கல்யாணம். அழைப்பிதழ் போன கிழமை போனில் வந்தது. திறந்ததும் இரண்டு பக்கமும் பூக்கள் விரிந்தன, எங்கிருந்தோ நாதஸ்வரம் கேட்டது, பிள்ளையார் மேலேயிருந்து மெல்ல இறங்கி வந்து நடுவில் அமர்ந்தார். எல்லாம் வடிவாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு முதலில் தோன்றியது, இதிலிருந்து ஓர் ஓடுகூட வெட்ட முடியாதே என்பதுதான்.

உங்களுக்கு இது விசர்க் கதையாகத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள். நான் ஒரு காலத்தில் கூரை வேலை பார்த்தவன். ஆனால் என் ஓடுகள் பயறு மணி அளவுதான் இருக்கும். வீடு உள்ளங்கையில் அடங்கும். வீடுகளுக்கு முன்னால் ஒரு குட்டி ரயில் ஓடும். அந்த ஓடுகள் அத்தனையும் கல்யாணக் கார்டுகளில் வெட்டியவை. அப்போதைய கார்டுகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நகத்தால் சுண்டினால் சத்தம் கேட்கும் தடிப்பு. மூலைகளில் தடவிய மஞ்சளும், அச்சு மையும், அலுமாரிக்குள் போட்ட பூச்சி உருண்டையும் கலந்து ஒரு வாசம் வரும். அந்த வாசம் நினைவுக்கு வந்தால் கூடவே நெல் வாசமும் வந்துவிடும், ஏனென்றால் என் தொழிற்சாலை இருந்தது நெல் மூட்டை அறையில்.

நெல் மூட்டை அறைக்கு நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று கேட்டால், எல்லாம் கல்யாணத்தால் வந்தது. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது வாழைச்சேனையில், ரயில் பாதைக்கு அருகே. ரயில் போனால் எங்கள் குசினிச் சட்டிகளெல்லாம் கிணுகிணுக்கும். கட்டிக்கொண்டு போனது ஆரையம்பதிக்கு. ரயிலோ மட்டக்களப்புப் பட்டினத்தோடு நின்றுவிடும், பாலம் தாண்டி எங்கள் பக்கம் எட்டியும் பார்க்காது. முதல் சில கிழமைகள் எனக்கு நித்திரை சரியாக வரவில்லை. என் மனைவி கலா, "புது இடம், அப்பிடித்தான் இருக்கும்" என்று ஆறுதல் சொன்னாள். இடத்தில் ஒரு குறையும் இல்லை, சட்டிகள்தான் சும்மா கிடந்தன.

ஜெர்மனியில் இருந்த என் அண்ணனுக்கு இந்தக் கதை எப்படியோ போய்ச் சேர்ந்தது. பகிடிக்கு ஒரு பார்சல் அனுப்பினார். அதற்குள் பெருவிரல் உயர எஞ்சின் ஒன்று, பெட்டிகள் மூன்று, வட்டமாகப் பூட்டும் தண்டவாளம். போதாததற்குப் பிளாஸ்டிக் வீடுகளும் இருந்தன. வீடுகளின் கூரைகள் செங்குத்தாக இறங்கின, மேலே வெள்ளையாகப் பனி அப்பியிருந்தது. சித்திரை மாதத்து ஆரையம்பதி வெயிலில், விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அந்தப் பனியைப் பார்த்தேன். இந்த ஊருக்கு இந்த வீடு சரிவராது என்று அப்போதே முடிவாகிவிட்டது.

மாமி, அதாவது என் மனைவியின் தாய், நெல் அறையில் எனக்கு ஓர் இடம் ஒதுக்கித் தந்தார். பழைய கதவு ஒன்றை மூட்டைகளின் மேல் கிடத்தி அதில் என் ரயிலை ஓடவிட்டேன். மாமியின் வயல் மட்டக்களப்பு வாவிக்கு அந்தக் கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வட்டையில் இருந்தது. வட்டை என்றால் எங்கள் பேச்சில் வயல்வெளி. அறுவடை முடிந்து மூட்டைகள் வந்து இறங்கும்போது என் ரயில் சேவை முன்னறிவித்தல் இல்லாமல் ரத்தாகும்.

மாமி எனக்கு இடம் தந்தாரே தவிர என்னோடு நேரே கதைத்ததில்லை. அந்தக் காலத்து மரியாதை அது. மருமகனிடம் சொல்ல வேண்டியதை மகளைப் பார்த்துச் சொல்லுவார். நான் அதே அறையில், கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும் அப்படித்தான். "இவருக்குச் சொல்லு புள்ள, மழை இருட்டுது, ரயிலை மூடச் சொல்லு." கலா என்னைப் பார்த்து, "மூடட்டாம்" என்பாள். நான் கலாவைப் பார்த்து, "மூடிற்றன் எண்டு சொல்லு" என்பேன். மூன்று பேரும் இதை மிகவும் தீவிரமான முகத்தோடு செய்வோம்.

கூரைக்கு வருகிறேன். அப்போது நான் ஓர் அரச அலுவலகத்தில் வாய்க்கால்களுக்கும் மதகுகளுக்கும் படம் வரைந்துகொண்டிருந்தேன். ஆகவே கூரான பிளேட்டும் இரும்பு அடிமட்டமும் கையில் இருந்தன, பொறுமையும் இருந்தது. முதலில் நான் பிறந்த ஊர் ஸ்டேசனைச் செய்தேன். மட்டையில் சிவப்புச் சாயம் பூசிக் கட்டம் கட்டமாகக் கோடு கீறினேன். பார்த்தவர்கள் ஸ்டேசனுக்கு மேல் ஏன் பாய் காயப்போட்டிருக்கிறது என்று கேட்டார்கள். அடுத்தது பிஸ்கட் பெட்டி. அதன் மேல்தாளை நனைத்து உரித்தால் உள்ளே அலை அலையாக ஒரு மட்டை வரும். தகரக் கூரைக்கு அதைவிட நல்ல சாமான் உலகத்தில் இல்லை. ஓட்டுக்கு ஆகாது.

கடைசியில் ஒவ்வொரு ஓடாக வெட்டுவதுதான் வழி என்று தெரிந்தது. கார்டை நாடாவாக நறுக்கி, நாடாவில் பாதிவரை வெட்டுப் போட்டு, கூரையின் கீழ் விளிம்பான தாவாரத்திலிருந்து முகட்டை நோக்கி வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டு போக வேண்டும், உண்மையான கூரையில் வேய்வது போலவே. ஒரு வரிசையின் வாலில் அடுத்த வரிசை ஏறி உட்கார வேண்டும். அந்த இடத்தில் நூல் அளவு நிழல் விழுந்தால்தான் கண் அதை ஓடு என்று ஒப்புக்கொள்ளும். முதல் கூரையை நான் அரிசிக் கஞ்சிப் பசையால் ஒட்டினேன். எலிகள் குடியிருக்கும் நெல் அறையில், அரிசிக் கஞ்சி! விடிந்து வந்து பார்த்தால் ஸ்டேசனில் பாதிக் கூரை இல்லை. அதன் பிறகு தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசைக்கு மாறினேன்.

கார்டுகள் கலாவின் சொத்து. மங்கலமான சாமான், எறியக் கூடாது என்று ஊர்க் கல்யாணக் கார்டுகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் சேர்த்து வைத்திருந்தாள். நான் பிளேட்டோடு உட்கார்ந்ததும் பதறிப்போனாள். "வாழப்போற பிள்ளையள்ட பேரில கத்தி வைக்கிறீங்களே!" பிறகு எங்களுக்குள் ஓர் உடன்பாடு வந்தது. பெண் மாப்பிள்ளை பெயர் உள்ள துண்டை வெட்டாமல் அப்படியே எடுத்து, அந்தக் கூரையின் உட்புறத்தில் ஒட்டிவிட வேண்டும். ஆகவே என் ஊரில் எந்தக் கூரையைத் தூக்கிப் பார்த்தாலும் அடியில் ஒரு சோடி இருக்கும். ஸ்டேசன் கூரைக்குக் கீழே மீன் வாடிக்காரரின் மகளும் மருமகனும். ஆட்டுக் கொட்டிலுக்குக் கீழே எங்கள் அலுவலகத்துப் பெரியவரின் மகனும் மருமகளும். அது அவருக்குத் தெரியாது.

இதோடு நின்றிருந்தால் பிரச்சினை வந்திராது. ஆனால் கூரைப் பைத்தியம் பிடித்தவனுக்கு ஓடு போட்டால் மட்டும் போதாது, அது உண்மை மாதிரி இருக்க வேண்டும். சைக்கிளில் போகும்போது ரோட்டைப் பார்க்காமல் கூரைகளைப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு தரம் வேலிக்குள் விழுந்தேன். காத்தான்குடியில் ஒரு துணிக்கடைக்கு எதிரே நின்று நெடுநேரம் அண்ணாந்து பார்த்ததில் கடைக்காரர் வெளியே வந்துவிட்டார். "தம்பி, எங்கட கூரையில என்ன கண்டீங்க?" என்றார். வடக்குப் பக்கத்துப் பாசி நல்ல வடிவு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வெயில் கடுமை, வீட்ட போங்க மகன்" என்றார்.

அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்குச் சில விஷயங்கள் பிடிபட்டன. எந்தக் கூரையிலும் எல்லா ஓடும் ஒரே நிறமில்லை. குசினிப் பக்கம் புகையால் கறுத்திருக்கும். மர நிழல் விழும் பக்கம் பாசி படரும். தேங்காய் விழுந்து உடைந்த இடத்தில் போட்ட புது ஓடு, கட்டின பல் மாதிரித் தனியாகத் தெரியும். குரங்கு பாய்ந்த இடத்தில், முகட்டுக்குச் சற்றுக் கீழே, ஓர் ஓடு கோணலாகக் கிடக்கும். இதையெல்லாம் என் கூரைகளில் கொண்டு வந்தேன். செங்கல் தூளும் காவியும் தேயிலைச் சாயமும் கலந்து ஓட்டுக்கு ஓடு நிறம் மாற்றினேன். ஊற்றி முடிந்த தேயிலைச் சக்கையைக் காயவைத்துப் பச்சை பூசினால் பாசி. ஈர்க்கு நுனியில் சுண்ணாம்பைத் தொட்டு ஒரு புள்ளி வைத்தால் காக எச்சம். குரங்குக்காக, எந்தக் கூரையானாலும் முகட்டிலிருந்து மூன்றாவது வரிசையில் ஓர் ஓட்டைக் கோணலாக ஒட்டுவேன். அது எனக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது.

இப்போது வதனியைச் சொல்ல வேண்டும். வதனிதான் என் மச்சாள், கலாவின் தங்கச்சி, பாலர் பாடசாலை ரீச்சர். வாய் கொஞ்சம் நீளம். எங்கள் வளவிலேயே, வாவிப் பக்கமாக, அவளுக்கென்று ஒரு வீடு எழும்பி நின்றது. எழும்பி நின்றது என்றால், சுவர் மட்டும். கட்டத் தொடங்கிய மாமனார் சுவரோடு போய்ச் சேர்ந்துவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு மாரியும் அந்த வீட்டுக்குள்ளேயே பெய்தது. அறைக்குள் புல் முளைத்தது, அயல் ஆடுகள் வந்து மேய்ந்தன. எங்கள் ஊரில் வீடு முடியாத பெண்ணுக்கும் கல்யாணப் பேச்சு வரத்தான் செய்யும். வந்து, "வீடு எந்த மட்டில?" என்று ஒரு கேள்வி கேட்கும், போய்விடும். வதனிக்கு அப்படிப் பல பேச்சுகள் வந்து போயின. அவளுக்கு முப்பது தாண்டிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் நான் ஆட்டுக் கொட்டில் கூரைக்குக் கடைசி வரிசை ஒட்டிக்கொண்டிருந்தேன். வதனி கதவடியில் நின்று பார்த்தாள்.

"அத்தான், இந்த ஊரில ஆட்டுக் கொட்டிலுக்கும் ஓடு போட்டிட்டீங்க. என்ட முறை எப்ப வரும்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் போன பிறகு கை ஓடவில்லை. எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. மூத்தவளைக் கட்டியதால் கிடைத்த முழு வீட்டில், ஒழுகாத கூரைக்குக் கீழே உட்கார்ந்து நான் பொம்மை ஆட்டுக்கு ஓடு வேய்கிறேன். ஜன்னலால் எட்டிப் பார்த்தால் அவளுடைய வீட்டுக்குள் உண்மையான ஆடு நிற்கிறது.

அந்த வருடம்தான் நேசனின் பேச்சு வந்தது. கொக்கட்டிச்சோலைப் பையன், மாமியின் வயலுக்குப் பக்கத்து வயல்காரர்கள். மிச்ச நேரத்தில் அவன் பாதையில் வேலை செய்தான். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். மாமியோடு வயலுக்குப் போய் வரும் வதனியை அவன் அந்தப் பாதையில் கண்டிருக்கிறான். ஒரு நாள் அவள் குடையை மறந்து இறங்கிப் போக, அடுத்த தரம் அவள் வரும்வரை அதைப் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தானாம். அவனுக்கு விருப்பம். வதனிக்கும் விருப்பம் என்பது, அவன் பெயரைச் சொன்னதும் அந்த நீள வாய் மூடிக்கொண்டதில் எங்களுக்குத் தெரிந்தது. ஆனால் தாய்க்காரி ஒரே பிடி. மகன் போய் இருக்கப்போகிற வீட்டைத் தான் கண்ணால் பார்க்க வேண்டும்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. மாமி நெல் அறைக்குள் வந்து, கலா இல்லாத நேரத்தில், என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார்.

"மருமகன், வதனிட வீட்டையும் ஒருக்காச் செஞ்சு தாங்க. ஓட்டோட. அவங்க வந்தா நான் வெறுஞ் சுவரைக் காட்டிக்கொண்டு நிக்கேலாது. புது ஓட்டுக்குச் சொல்லியாச்சு எண்டு தரகரிட்டச் சொல்லி விட்டிருக்கு."

நான் எழும்பி நின்றுவிட்டேன். அலுவலகத்துக்கு லீவு போட்டேன். சுவர்களை நாடா பிடித்து அளந்தேன். டின்னில் இருந்ததில் நல்ல தடிப்பான கார்டுகளாகத் தேடி எடுத்தேன். என் வாழ்க்கையில் நான் போட்ட கூரைகளில் அதுதான் சிறந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். பெயர்த் துண்டு மட்டும் அடியில் ஒட்டவில்லை. வதனியின் வீட்டுக்குள் வேறு யாருடைய பெயரும் இருக்கக் கூடாது என்று தோன்றியது. அவ்வளவு யோசித்தவனுக்கு மற்றதை யோசிக்கத் தெரியவில்லை. கை தன் பாட்டில் போய்க்கொண்டே இருந்தது. அடுப்பே மூட்டாத குசினிக்கு மேல் புகைக் கறுப்புப் பூசினேன். வடக்குப் பக்கம் பாசி வைத்தேன். முகட்டிலிருந்து மூன்றாவது வரிசையில் ஓட்டைக் கோணலாக்கினேன். அவர்கள் வரும் காலையில் காக எச்சத்தையும் வைத்து, பசை காய்வதற்கு ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டேன். மாமி பார்க்க வந்தபோது துணிதான் இருந்தது.

நேசன், தாய், தரகர் மூவரும் வந்தார்கள். வெறுஞ் சுவரைச் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு நெல் அறைக்கு வந்தார்கள். நான் சும்மா இருப்பேனா, முதலில் ரயிலை ஓடவிட்டேன். வதனியின் வீட்டை ரயில் கடவைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். ரயில் ஒரு சுற்றுச் சுற்றி வரவும் துணியை எடுத்தேன்.

நேசனின் தாய் கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார்.

"இதென்ன, பாசியா?"

"ஓம் அம்மா, வடக்குப் பக்கம். மாரிக்குப் பிடிக்கும்" என்றேன் நான், பெருமையாக.

"இந்த வெள்ளை?"

"காகம் இருந்த இடம்."

"இந்தக் கறுப்பு?"

"குசினிப் புகை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னும் பால் காய்ச்சாத வீட்டில எப்பிடிப் புகை பிடிக்கும்?" பிறகு மாமியின் பக்கம் திரும்பினார். "என்னகா, பழைய ஓடா போடப் போறீங்க? புது ஓடெண்டெல்லோ தரகர் சொன்னவர்?"

அப்போதுதான் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்பது எனக்கு விளங்கியது. மாமி ஒரு சத்தம் போட்டு மறுப்பார், எல்லாம் சரியாகிவிடும் என்று அவரைப் பார்த்தேன். மாமியின் முகம் வெளிறிக் கிடந்தது. ஒரு கையால் நெல் மூட்டையைப் பிடித்துக்கொண்டார். "இவருக்குச் சொல்லு புள்ள," என்றார் கலாவிடம், "ரயிலை நிப்பாட்டச் சொல்லு." என்னோடு நேரே கதைக்கத் தொடங்கிய கிழமையிலேயே அது முடிந்துபோயிற்று.

ரயிலை நிறுத்தினேன். இவர்கள் இப்போது எழும்பிப் போனால் வாவியின் இரண்டு கரையிலும் கதை பரவும், இனி வதனிக்கு ஒரு பேச்சும் வராது. அது எல்லோருக்கும் தெரியும்.

வதனி தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தாள். தட்டத்தை என் தண்டவாளத்துக்கு மேல் வைத்தாள்.

"பழைய ஓடுதான் மாமி. ஓட்டமாவடியில ஒரு நெல்லு மில்லை உடைச்சவங்க, அதுட ஓடு. அம்மா சொல்ல வேணாமெண்டவ. அத்தானுக்கு இது ஒண்டும் தெரியாது. நாளைக்கு நீங்க வந்து பாத்தாத் தெரியத்தானே போகுது, அதான் இப்பவே சொல்றன். மறுகா உங்கட விருப்பம். தேத்தண்ணி ஆறப் போகுது, குடிங்க."

கல்யாணம் பேசி முடியுமுன்பே அவள் நேசனின் தாயை 'மாமி' என்று கூப்பிட்டதைக் கேட்டுத் தரகருக்கே புரையேறியது. பழைய ஓட்டுக் கதையை நானும் அந்த நிமிடத்தில்தான் கேட்கிறேன். ஊருக்குத் தெரியாமல் என் மாமி மூடி வைத்திருந்ததை நான் தேயிலைச் சக்கையால் எழுதிக் காட்டியிருக்கிறேன்.

நேசனோ இதொன்றையும் கேட்டவனாகத் தெரியவில்லை. முழங்காலில் குந்தியிருந்து என் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டேசன் கூரையை மெதுவாகத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"இவங்க ஆரு அண்ணன்?"

கார்டுக் கதையைச் சொன்னேன். ஆட்டுக் கொட்டிலைத் தூக்கிப் பார்த்தான். அங்கேயும் ஒரு சோடி. கடைசியாக வதனியின் வீட்டுக் கூரையைத் தூக்கினான், திருப்பிப் பார்த்தான்.

"இதில ஒருத்தர்ட பேரும் இல்லையே?"

வதனி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அதுக்கு இன்னும் கார்டு அடிக்கேல்ல."

நேசன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கூரையைக் கீழே போட்டுவிடுவானோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. கலா சிரித்தாள், தரகர் சிரித்தார், கடைசியில் மாமியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அவனுடைய தாய் மட்டும் சிரிக்கவில்லை. தேத்தண்ணியைக் கடைசி மிடறு வரைக்கும் குடித்தார். பிறகு, "ஓடு பழசெண்டா என்ன, மேல பாத்துக்கொண்டா படுக்கப் போறாங்க" என்றார். நேசன் கூரையை அதன் இடத்தில் வைத்துவிட்டு, "ஓடு வந்த உடன சொல்லி அனுப்புங்க, நான் வந்து ஏத்திறன்" என்றான்.

சொன்னபடி வந்தான், இரண்டு மூன்று கூட்டாளிகளோடு. கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளை பெண் வீட்டுக் கூரையில் ஏறுவதை ஊர் அதுவரை கண்டதில்லை. வேலியோரம் நின்று பகிடி பண்ண ஒரு கூட்டமே சேர்ந்தது. நானும் நிபுணன் என்ற நினைப்பில் ஏணியில் ஏறினேன். ஓடு தாங்கும் கைமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற என்னை இருவர் சேர்ந்து இறக்கினார்கள். அதன் பிறகு கீழே நின்று ஓடு எடுத்துக் கொடுத்தேன். ஓர் ஓட்டுக்கு இவ்வளவு பாரம் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

நேசன் என் மாதிரி வீட்டை ஒரு கதிரையில் வைத்து முற்றத்துக்குக் கொண்டு வரச் சொன்னான். மேலேயிருந்து அதைக் குனிந்து பார்த்துப் பார்த்து வேய்ந்தான். முகட்டுக்குக் கிட்டப் போனதும் ஓர் ஓட்டைக் கோணலாக வைத்துவிட்டு, "மூண்டாவது ஓடு இப்பிடித்தானே அண்ணன்?" என்று கத்தினான். கீழே நின்றவர்கள் எல்லோரும் அதை நேராக்கச் சொன்னார்கள். "ஏலாது, மாதிரி எப்பிடியோ அப்பிடித்தான்" என்றான். சரி, பகிடி முடிந்ததும் நேராக்குவான் என்று நினைத்தோம்.

கார்டு அடித்தார்கள். முதல் கார்டை எனக்குத் தந்தார்கள். வதனி நேசன் என்ற பெயர்த் துண்டை வெட்டி அந்தச் சின்னக் கூரைக்கு அடியில் ஒட்டினேன்.

முதல் மாரியிலேயே அந்தக் கோணல் ஓடு ஒழுகியது. நடு அறையில், கட்டிலுக்குக் கால்மாட்டில். வதனி அலுமினியச் சட்டி ஒன்றை அந்த இடத்தில் வைத்தாள். நேசன் அதற்கு 'அண்ணண்ட ஒழுக்கு' என்று பெயர் வைத்தான். போகிற வருகிற ஆட்களிடம் என்னைக் காட்டி, இவர்தான் அந்த ஒழுக்குக்குச் சொந்தக்காரர் என்று அறிமுகப்படுத்துவான். வருடத்துக்கு ஒரு தரம் கூரையில் ஏறி உடைந்த ஓடெல்லாம் மாற்றுவான், அதை மட்டும் தொட மாட்டான். "கிடக்கட்டும் அண்ணன். சட்டிச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு மழை" என்பான். அவர்களுடைய மகள் பிறந்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நித்திரை கொள்ளப் பழகினாள். எனக்குக் கிணுகிணுக்கிற சட்டி மாதிரி அவளுக்கு இது.

பிறகு எத்தனையோ நடந்துவிட்டது. மிதவை போன இடத்தில் வாவிக்கு மேல் பாலம் வந்தது, பாதை நின்றது. மாமி போய்ச் சேர்ந்தார். கடைசிவரை கலாவைப் பார்த்துத்தான் என்னோடு கதைத்தார். என் எஞ்சின் ஒரு நாள் நின்றது, நின்றதுதான். நானும் கலாவும் வீட்டை எங்கள் மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இப்போது பட்டினத்தில் ஸ்டேசனுக்குக் கிட்ட இருக்கிறோம். ரயில் வந்தால் சட்டிகள் சத்தம் போடுகின்றன, நித்திரை நன்றாக வருகிறது. போன மாரிக்கு முன்னால் நேசன் வயலிலிருந்து வந்து, நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது என்று படுத்தான். எழும்பவில்லை. அவனை நினைத்தால் எனக்கு இப்போதும் முதலில் அந்தச் சிரிப்புத்தான் கேட்கிறது.

இப்போது மகளுக்குக் கல்யாணம். வீடு மகளுக்குப் போகிறது. வதனி பின்னால், கோடிப்பக்கத்தில் கட்டிய சின்ன அறைக்குப் போகப் போகிறாள். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள். குரங்குத் தொல்லை, ஓடுகளை மாற்றித் தகரச் சீட் போட்டால் நல்லது என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். வதனியும் மறுக்கவில்லை. நேற்று முன்தினம் போன் எடுத்தாள். "அத்தான், ஓடு இறக்கியாச்சு. சீட்டும் போட்டாச்சு. ஒருக்கா வந்து பாருங்க."

போனேன். ஓடுகளை யாரோ மாட்டுக் கொட்டிலுக்கென்று டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். நீல நிறச் சீட் வெயிலில் மின்னியது. போகும் வழியெல்லாம் அதேதான், நீலமும் பச்சையும் சிவப்புமாக. இன்றைக்கு இந்த ஊரைச் செய்வதென்றால் எனக்கு ஒரு பிஸ்கட் பெட்டி போதும். அரை நாளில் முடித்துவிடுவேன். வதனியின் சின்ன வீடு மட்டும் என் அலுமாரிக்கு மேல், பொலித்தீன் உறைக்குள், பாசியும் காக எச்சமும் கலையாமல் இருக்கிறது. எனக்குத் தெரிந்து அந்த மூன்றாவது ஓடு இப்போது கோணலாக இருப்பது அங்கே மட்டும்தான்.

உள்ளே இருந்து கதைத்துக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தது. சீட்டில் விழும் மழையின் சத்தம் உங்களுக்குத் தெரியும்தானே, பக்கத்தில் இருப்பவரின் பேச்சுக்கூடக் கேட்காது. பேச்சை விட்டுவிட்டு இருவரும் சும்மா இருந்தோம். அப்போதுதான் கண்டேன், நடு அறையில் அதே அலுமினியச் சட்டி இருந்தது. வீடு பூசி, நிலம் கழுவி, கல்யாணத்துக்கு எல்லாம் ஒதுக்கி வைத்த பிறகும், பழைய இடத்தில் அதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

மழை விட்டது. வதனி எழும்பிப் போய்க் குனிந்து பார்த்தாள். கையை விட்டுத் தடவியும் பார்த்தாள்.

"ஒரு துளியும் ஒழுகேல்ல அத்தான்" என்றாள்.

நல்ல சீட் என்றேன். வதனி ஓம் என்று தலையாட்டினாள். சட்டியை எடுக்காமல் அங்கேயே விட்டுவிட்டு, எனக்குத் தேத்தண்ணி வைக்கப் போனாள்.